ராமமூர்த்தி என்று ஒருவர் இருந்தார்

ஞாயிற்றுக்கிழமை இசை நிகழ்ச்சியை நானும் பார்த்தேன். கிளிப்பை அனுப்பிக் குவித்தவர்களுக்கு நன்றி, போதும். 'காதலிக்க நேரமில்லை' பாட்டை வாசித்து முடித்ததும் "எம்.எஸ்.வி. மேஜிக்!" என்கிறார் தொகுப்பாளர். மேடையில் இருந்த வாத்தியக்காரர்களில் ஒருவராவது "கூட ராமமூர்த்தியும்தான் சார்" என்று சொன்னாரா? படத்தின் டைட்டிலில் இசை என்று இரண்டு பெயர் இருக்கிறதே ஐயா!

1952-இல் இசையமைப்பாளர் சி.ஆர். சுப்பராமன் திடீரென்று இறந்தபோது, பாதியில் நின்ற படங்களை முடித்துக் கொடுத்தது அவர் குழுவில் இருந்த இந்த இருவரும்தான். அதே வருடம் இருவர் இசையில் 'பணம்' படம். அப்புறம் 1965-இல் 'ஆயிரத்தில் ஒருவன்' வரைக்கும் விஸ்வநாதன்–ராமமூர்த்திதான். இரண்டு பெயர்.

"எம்.எஸ்.வி.யைக் குறைக்கப் பார்க்கிறாயா?" என்று வருவார்கள். அவர் பாட்டை வாசித்துத்தான் முப்பது வருடமாக என் வீட்டில் உலை கொதிக்கிறது. ஒரு பத்ம விருதுகூடத் தராமல் அவரை அனுப்பிவைத்த கோபம் எனக்கும் உண்டு. "பிரிந்த பிறகு ராமமூர்த்தி என்ன பெரிதாகச் செய்தார்?" சரி, படங்கள் குறைவுதான். அதற்காக 1964-இல் போட்ட பாட்டிலிருந்து அவரை இறக்கிவிடுவீர்களா? "எந்த மெட்டு யாருடையது என்று உனக்குத் தெரியுமா?" தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அதனால்தான் இரண்டு பெயரையும் சொல்லச் சொல்கிறேன்.

ஊர்ப்பாசம் என்றும் ஒருவர் எழுதுவார். அவர் திருச்சிக்காரர், நானும். அவர் வயலின், நானும். பாசம்தான், போங்கள்.

2003-இல் ஒரு பக்திக் கேசட். அதில் மூன்று மெட்டு என்னுடையது. ஒரு பல்லவி, எங்கள் தெரு மாரியம்மன் கோயிலில் சின்ன வயதில் காதில் விழுந்த நாயனச் சங்கதியிலிருந்து வந்தது. கேசட் வந்தபோது 'இசை' என்ற இடத்தில் வேறொருவர் பெயர். கேட்டதற்கு, "வயலின்னு உங்க பேரைப் போட்டிருக்கோமே!" என்றார்கள். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த அட்டையை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும், வயலினைப் பார்க்கவில்லை அவள்.

போன ஆடியில் அதே கோயில் ஸ்பீக்கரில் அந்தப் பாட்டு ஓடியது. கூழ் வரிசையில் முன்னால் நின்ற பையனிடம், "தம்பி, இது நான் போட்ட மெட்டு" என்றேன்.

"அப்படியா அங்கிள்" என்றான். வரிசை நகர்ந்துவிட்டது.