மாவ் பியாய்லுக் செய்தது சரிதான்

திசைகாட்டியும் வரைபடமும் இல்லாமல் பசிபிக் கடலைக் கடந்தவர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் "அது அவங்க ரத்தத்துலயே இருக்கு" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அது ரத்தத்தில் வந்ததல்ல, படிப்பு. கடுமையான படிப்பு. அந்தப் படிப்பை வெளியாருக்கும் சொல்லிக்கொடுத்த மாவ் பியாய்லுக் என்ற மாலுமியைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன்.

மேற்குப் பசிபிக்கில் மைக்ரோனீசியாவின் சதவால் என்ற குட்டித் தீவில் பிறந்த மாவ் பியாய்லுக்கிற்குத் தாத்தாதான் ஆசான். கற்களை வட்டமாக வைத்து, எந்த நட்சத்திரம் அடிவானத்தில் எங்கே எழும், எங்கே மறையும் என்று சின்ன வயதிலேயே மனப்பாடம் செய்ய வைத்தார். ஒரு நட்சத்திரம் எழும் நேரம் தினமும் நாலு நிமிடம் முந்திக்கொண்டே போகும், ஆனால் எழும் இடம் மாறாது. அது உயரே ஏறிவிட்டால் திசைக்கு உதவாது, அதே இடத்தில் அடுத்து எழுவதைப் பிடிக்க வேண்டும், இப்படியே விடிய விடிய. பகலில் சூரியன் தாழ்வாக இருக்கும் காலையும் மாலையும்தான் கைகொடுக்கும். உச்சி வேளையிலும் மேகம் மூடிய இரவிலும் என்ன செய்வது? தொலைதூரக் காற்று கிளப்பிவிட்ட நீண்ட அலைகள் நாள்கணக்கில் ஒரே திசையிலிருந்து வரும், அவை படகை எந்தப் பக்கமிருந்து தூக்குகின்றன என்பதை உடம்பாலேயே உணர்ந்து ஓட்ட வேண்டும்.

ஹவாய், தஹிதி போன்ற தீவுகளின் பூர்வகுடிகளான பாலினீசியர்கள் இவ்வளவு தூரத் தீவுகளைத் திட்டமிட்டுத் தேடிப் போயிருக்க முடியாது, காற்றிலும் நீரோட்டத்திலும் அடித்துப் போய் ஒதுங்கியவர்கள்தான் என்று 1956-ல் ஆண்ட்ரூ ஷார்ப் என்ற வரலாற்றாசிரியர் எழுதினார். அதற்கான பதில் 1976-ல் கிடைத்தது. ஹோகுலேயா என்ற இரட்டைப் படகு மே 1-ம் தேதி ஹவாயிலிருந்து கிளம்பி, சுமார் 4,000 கிலோமீட்டர் கடந்து, ஜூன் 4-ல் தஹிதி போய்ச் சேர்ந்தது. வழி சொன்னவர் மாவ். அதற்கு முன் அந்தப் பாதையில் அவர் போனதே இல்லை! ஹோகுலேயா என்பது நம் சுவாதி நட்சத்திரத்துக்கு ஹவாய்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர். அது ஏறக்குறைய நேர் உச்சியில் கடந்தால் ஹவாயின் அட்சரேகைக்கு வந்துவிட்டோம் என்று அர்த்தம். தெற்குச் சிலுவை என்ற நட்சத்திரக் கூட்டமும் அப்படித்தான். அது நிமிர்ந்து நிற்கும்போது அதன் மேல் நட்சத்திரத்துக்கும் கீழ் நட்சத்திரத்துக்கும் உள்ள இடைவெளியும், கீழ் நட்சத்திரம் அடிவானத்திலிருந்து நிற்கும் உயரமும் சமமாக இருந்தால் ஹவாய் அளவுக்கு வடக்கே வந்தாயிற்று. இதையெல்லாம் உள்ளுணர்வு என்று எப்படிச் சொல்ல மனசு வருகிறது?

சரி, நான் சொல்ல வந்தது இதற்கு அப்புறம் நடந்தது. இந்த வித்தை குடும்பத்துக்குள் காக்கப்பட்டு வந்தது, வெளியாளுக்குச் சொல்லும் வழக்கமில்லை. மாவ் சொன்னார். சொந்தத் தீவில் இளைஞர்களுக்கு ஆர்வம் குறைந்துகொண்டே போனதைப் பார்த்தவர், நைனோவா தாம்சன் என்ற ஹவாய் இளைஞருக்குக் கற்றுக்கொடுத்தார். 1980-ல் தாம்சன் கருவி எதுவும் இல்லாமல் தஹிதிக்குப் போய்த் திரும்பினார்.

மாவ் மரபை மீறினார் என்று சிலர் பட்ட வருத்தத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சிறிய சமூகங்களின் அறிவை வெளியார் அள்ளிக்கொண்டு போன கதைகள் நிறைய. ஆனால் இங்கே கேட்டு வந்தவர்கள் அதே அறிவைத் தங்கள் மண்ணில் தொலைத்துவிட்டு நின்றவர்கள், கொடுக்கலாமா என்று முடிவு செய்தவரும் அதை முறையாகக் கற்றவரே. அவர் கொடுத்ததுதான் நியாயம் என்று உறுதியாக நம்புகிறேன். 2007-ல் சதவாலில், பல பத்தாண்டுகளாக நின்றுபோயிருந்த மாலுமிப் பட்டச் சடங்கை மாவ் மறுபடி நடத்தினார். பட்டம் பெற்றவர்களில் ஹவாய்க்காரர்களும் இருந்தார்கள், அவருடைய மகனும் இருந்தார்.