சட்டம் படித்தவனுக்கு வேதம் எதற்கு?

திருச்சபை மாநாட்டு மேடைப் பேச்சைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். காணொளியை ஆளுக்கொரு சிரிப்புக் குறியோடு அனுப்பிக்கொண்டே இருந்தால் என்ன செய்வது? “வக்கீலுக்கெல்லாம் வேத வியாக்கியானம் எதற்கு?” என்று போதகர் கேட்டதும் அரங்கமே கைதட்டியது. தட்டியவர்களில் பெரும்பாலோர் குருப்பட்டம் பெறாத சபையார். வக்கீலான எனக்கு உறைத்தது அதுதான்.

ரைனோல்ட் ஃபொன் தாடன் என்றொருவர் ஜெர்மனியில் இருந்தார். சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர், குருப்பட்டம் கிடையாது. ஹிட்லரின் ஆட்கள் திருச்சபையைத் தங்கள் ஏவலுக்குக் கொண்டுவரப் பார்த்தபோது, பொமரேனியா மாநிலத்தில் எதிர்த்து நின்றவர்களில் முன்வரிசைக்காரர். பட்டம் பெற்ற போதகர்கள் பலர் அப்போது எந்தப் பக்கம் சாய்ந்திருந்தார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அவருடைய அக்கா எலிசபெத்தை 1944 செப்டம்பரில் நாஜிகள் தலைவெட்டிக் கொன்றார்கள். மகன்களில் மூவரைப் போர் கொண்டுபோயிற்று. அவரே சோவியத் முகாமில் கைதியாக இருந்து மீண்டவர்.

அந்த மனிதர்தான் 1949இல் ஹனோவரில் கிர்ஷென்டாக் என்ற சபை மக்கள் பேரவையைத் தொடங்கி, 1964 வரை தலைமை தாங்கினார். வேதத்தையும் அரசியலையும் சாதாரண மக்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசும் இடம் அது. 1954இல், கம்யூனிஸ்டு ஆட்சியிலிருந்த கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரில் அதன் நிறைவுக் கூட்டத்துக்கு 6 லட்சத்துக்கும் அதிகமானோர் திரண்டார்கள். மன்னிக்க வேண்டும் ஐயா, வெறும் சட்டம் படித்தவர் சேர்த்த கூட்டம் அது.

“அது ஜெர்மனி, இங்கே லே தலைமை, அதாவது குருப்பட்டம் பெறாதவர் தலைமை என்றால் தேர்தலும் வழக்கும்தானே” என்பீர்கள். சரி, பதவிக்காக நீதிமன்றப் படியேறியவர்களில் போதகர் அங்கி அணிந்தவர்களே இல்லையா? இதற்கு மேல் அதைப் பேச விரும்பவில்லை.

“மேய்ப்பரை மதிக்க வேண்டாமா?” மதிக்கிறேன். சபை நில வழக்கில் பல ஆண்டுகளாக ஒரு பைசா வாங்காமல் ஆஜராகிறேன்; அதுவும் மதிப்பில்தான் சேரும் என்று நினைத்தேன். தடையாணை வேண்டுமென்றால் நள்ளிரவிலும் அழைப்பு வரும். ஆண்கள் ஐக்கிய சங்க ஞாயிறன்று பிரசங்கம் செய்யச் சொன்னால் மட்டும், எழுதிக் கொடுங்கள், நாங்கள் பார்த்துத் திருத்தித் தருகிறோம் என்பார்கள். திருத்தியும் கொடுத்தார்கள். சபைக் கணக்கைப் பற்றிய பத்தி காணாமல் போயிருந்தது.

ஞானஸ்நானம் பெற்ற எல்லாரும் ஆசாரியர்களே, அதாவது குருக்களே என்று திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் எழுதியது 1520இல். சீர்திருத்த ஞாயிறு வந்தால் அதை மேடையில் முழங்குகிறோம். மறுநாள் சபையார் வாயைத் திறந்தால் கலகக்காரர். இன்னொரு சீர்திருத்தத் தலைவரான கால்வின்கூடச் சட்டம் படித்தவர்தான். அவரையும் உட்காரச் சொல்லியிருப்பீர்களா?

நான் பதவிக்கு அடி போடுகிறேன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். லே செயலர் பதவி வீடு தேடி வந்தபோது வேண்டாம் என்றவன் நான். அது அவருக்கும் தெரியும். கணக்கைக் கேட்டால் பதவி ஆசை, கேட்காவிட்டால் நல்ல விசுவாசி. தணிக்கை அறிக்கையைச் சபையார் முன் வாசியுங்கள். என் பதிவை நீக்கச் சொல்வது பற்றி அப்புறம் பேசலாம்.