தேனீக்கு யானை பயப்படும், ஆனால் இரவில்?
தேனீப் பெட்டி தொங்கவிட்டால் யானை வயலுக்குள் கால் வைக்காது என்று ஒரு கட்டுரை சொல்வது, கென்யாவில் கண்டதை அப்படியே திருகோணமலைக்குத் தூக்கி வந்த கதை. அங்குள்ள தேனீ மூர்க்கமானது, நம் பெட்டித் தேனீ சாது. அதன் இரைச்சலுக்கும் யானை பின்வாங்கும் என்பது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் திருகோணமலை மாவட்டத்தின் வெருகல், சேருவில பக்கம் யானை வயலில் இறங்குவது பெரும்பாலும் இருட்டிய பிறகு. அந்நேரம் தேனீ கூட்டுக்குள் அடங்கிக் கிடக்கும். ஆகவே பெட்டியை மரத்தில் சும்மா கட்டிப் பயனில்லை. சுமார் 10 மீற்றருக்கு ஒன்றாகக் கம்பங்களுக்கிடையில் தொங்கவிட்டு, எல்லாவற்றையும் கம்பியால் தொடுக்க வேண்டும். யானை கம்பியைத் தள்ளும்போது பெட்டி குலுங்கினால்தான் தேனீ கலையும். அதைவிடப் பெரிய சிக்கல் சிறுபோகம் (வறட்சிக்கால நெற்செய்கை): நெல் முற்றுகிற யூலை, ஓகஸ்டில் கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்றில் பூ அற்றுப்போக, தேனீக் கூட்டமே பெட்டியை விட்டுப் பறந்துவிடும். சீனியும் தண்ணீரும் சம அளவில் கரைத்து வைத்து, பெட்டி தொங்கும் கம்பிகளில் எறும்பு ஏறாமல் கிறீஸ் பூசினால் ஓரளவு தங்கும். பக்கத்து வயலில் பூக்கும் நேரம் பூச்சிமருந்து அடித்தால் அதுவும் போச்சு. மின்வேலியே போதும் என்று சொல்பவர்களும் உண்டு. புல் வளர்ந்து கம்பியைத் தொட்டாலே மின்சாரம் மண்ணில் கசிந்துவிடும், அடி உறைக்காது. பழகிய ஆண் யானை கம்பியைத் தொடுவதேயில்லை, தூணைத்தான் காலால் உதைத்துச் சாய்க்கும். எங்கள் யானைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தந்தமே கிடையாது, அதனால் தந்தத்தால் கம்பியைத் தூக்கும் என்பதெல்லாம் இங்கே அரிது.