மயக்கம் வரலைன்னா மூளையில அடியே இல்லையா?

அண்ணா, கடலூர்–புதுச்சேரி ரோட்டுல பைக்கில் விழுந்த பையனுக்கு, "மயக்கம் வரல, நல்லா பேசுறான், தலையில ஒண்ணுமில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க"ன்னு உங்க பதிவுல எழுதியிருக்கீங்க. தயவுசெஞ்சு அதை மாத்துங்க.

மூளை அதிர்ச்சி (தலையில அடிபட்டு மூளை குலுங்கிப்போறது) வந்தவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு நினைவே தப்புறதில்ல. இதைவிடப் பெரிய ஆபத்து வேற. மண்டை ஓட்டுக்கு அடியில ரத்தக்குழாய் கிழிஞ்சிருந்தா, முதல்ல தெளிவாப் பேசுறவங்களே சில மணி நேரத்துல நினைவிழந்துடலாம். அந்தத் தெளிவைப் பார்த்துத்தான் குடும்பம் ஏமாந்துபோகுது. தலைவலி ஏறிக்கிட்டே போறது, திரும்பத் திரும்ப வாந்தி, பேச்சு குழறுறது, ஒரு கண்மணி மட்டும் பெருசாகுறது, வலிப்பு, எழுப்பினா எழுந்திருக்காம இருக்குறது: இதுல ஒண்ணு தெரிஞ்சாலும் உடனே 108. புதுச்சேரி ஜிப்மர்ல மூளை அறுவை சிகிச்சைப் பிரிவே இருக்கு.

ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுற பெரியவங்க தலையை லேசா இடிச்சுக்கிட்டாலும் டாக்டர்கிட்ட காட்டிடணும். அவங்களுக்குச் சில வாரம் கழிச்சுக்கூட ரத்தக்கசிவு தெரியவரலாம்.

"ஸ்கேன் நார்மல், அப்புறம் ஏன் தலைவலிங்கிறான்?"னு பதிவுக்குக் கீழே கேட்டவங்களுக்கு: சி.டி. ஸ்கேன் ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும். மூளை அதிர்ச்சி பெரும்பாலும் அதுல தெரியாது. மறதி, எரிச்சல், வெளிச்சம் கூசுறது எல்லாம் சில வாரம் நீடிக்கலாம். பையன் நடிக்கல. குறையலைன்னா மறுபடி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.