அப்பா எந்த நாடு?

ஒரு பெண் ஓட்டுப் போடலாம், தேர்தலில் நிற்கலாம், அரசு வேலை பார்க்கலாம். ஆனால் வெளிநாட்டுக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டால், பெற்ற பிள்ளைக்குத் தன் குடியுரிமையைக் கொடுக்க முடியாது. அதே நாட்டு ஆண் வெளிநாட்டுப் பெண்ணைக் கட்டினால் பிள்ளைக்கு ஒரு சிக்கலும் இல்லை. ஏதோ பழங்கதை சொல்லவில்லை. பிள்ளைகளின் குடியுரிமை விஷயத்தில் தாயைத் தந்தைக்குச் சமமாக நடத்தாத நாடுகள் இன்றும் இருபதுக்கும் மேல். குவைத், லெபனான் எல்லாம் அந்த வரிசையில்தான்.

ஆப்பிரிக்க நாடான போட்ஸ்வானாவின் யூனிட்டி டவ் வழக்கைப் படித்தபோதுதான் இதன் கொடுமை எனக்கு உறைத்தது. அவர் ஒரு வழக்கறிஞர், கணவர் அமெரிக்கர். கல்யாணத்துக்கு முன் 1979-இல் பிறந்த மூத்த குழந்தை போட்ஸ்வானா குடிமகள். 1984-இல் கல்யாணம். அதற்குப் பிறகு பிறந்த இரண்டும் சட்டப்படி வெளிநாட்டவர். ஒரே தாய், ஒரே வீடு. சின்னவர்கள் இருவரும் சொந்த மண்ணில் தங்குவதற்கு அப்பாவின் அனுமதிச் சீட்டை நம்பியிருக்க வேண்டும். முறைப்படி கல்யாணம் செய்ததற்குத் தண்டனை மாதிரி இல்லையா இது? அவர் அரசு மீதே வழக்குப் போட்டார். 1992-இல் மேல்முறையீட்டிலும் ஜெயித்தார். 1995-இல் சட்டம் மாறியது. பிறகு அந்நாட்டு உயர் நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியும் ஆனார்.

இப்படிப்பட்ட சட்டத்துக்கு எப்போதும் ஒரு காரணம் தயாராக இருக்கும். நாட்டின் பாதுகாப்பு என்பார்கள், போலிக் கல்யாணம் பெருகும் என்பார்கள். லெபனானில் மதப் பிரிவுகளின் எண்ணிக்கைச் சமநிலை கெட்டுவிடும் என்பார்கள். சரி, அந்த நாட்டு ஆணைக் கட்டிக்கொள்ளும் வெளிநாட்டுப் பெண்ணுக்குக் கல்யாணத்தைப் பதிவு செய்து ஒரு வருடத்தில் குடியுரிமை கிடைக்கிறதே, அப்போது கெடாத சமநிலை பெண் கேட்டால் மட்டும் எப்படிக் கெடும்? பயம் நாட்டைப் பற்றியது இல்லை. பிள்ளை அப்பாவின் சொத்து என்ற நினைப்புதான் சட்டமாக உட்கார்ந்திருக்கிறது.

கணவன் அடிக்கிறான், பிரிந்து வரலாம் என்றால் பிள்ளைகளின் விசா அவன் கையில். அவன் புதுப்பிக்காமல் விட்டால் பிள்ளைகள் சட்டவிரோதமாகத் தங்கியவர்கள். அவன் நாடும் அவர்களை ஏற்காவிட்டால் நாடற்றவர்கள். பள்ளியில், மருத்துவமனையில், அப்புறம் வேலைக்குப் போகும்போது, எங்கே போனாலும் முதலில் அடையாள அட்டை கேட்பார்கள். இதற்குப் பயந்தே எத்தனை பெண்கள் அடி வாங்கிக்கொண்டு அந்த வீட்டிலேயே கிடக்கிறார்களோ.

மலேசியத் தாய்மார்கள் சிலர் நிறைமாத வயிற்றோடு விமானம் ஏறியிருக்கிறார்கள், பிள்ளை மலேசிய மண்ணில் பிறந்தால்தான் குடியுரிமை என்பதால். பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு 2024 அக்டோபரில் மலேசிய நாடாளுமன்றத்தின் கீழவை இதைத் திருத்தும் மசோதாவை நிறைவேற்றியது. சந்தோஷம்தான். ஆனால் திருத்தம் அமலுக்கு வந்த பிறகு பிறக்கும் பிள்ளைகளுக்கு மட்டும்தானாம்! எந்தப் பிள்ளைகளுக்காகத் தாய்மார்கள் நீதிமன்றப் படி ஏறினார்களோ அவர்கள் வெளியே நிற்கிறார்கள்.

இந்தியாவிலும் இதே கதைதான். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குத் தாய் வழியாகவும் குடியுரிமை உண்டு என்று 1992-இல் 1955-ஆம் வருடச் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்த டிசம்பர் 10-க்கு முன் பிறந்தவர்களுக்கு இன்றும் அப்பாதான் கணக்கு. தவறு என்று ஒப்புக்கொண்டு சட்டத்தை மாற்றிய பிறகும், அந்தத் தவறால் பாதிக்கப்பட்டவர்களை மட்டும் அப்படியே விடுவது என்ன நியாயம்?

வேறு வழி இல்லாமல் இல்லை. கென்யா தன் 2010 அரசியலமைப்பில் தாய், தந்தை யார் வழியாகவும் குடியுரிமை உண்டு என்று எழுதியது. அதற்கு அடுத்த உட்பிரிவிலேயே, முன்பே பிறந்தவர்களுக்கும் இது பொருந்தும் என்று சேர்த்தது. மலேசியாவும் இந்தியாவும் சேர்க்க வேண்டியது அந்த ஒரு வரியைத்தான்.