ஓக்குலோபிளாஸ்டி ஃபெலோஷிப்புக்கு இடம் தேடுகிறவர்களுக்கு

இமை, கண்குழி, கண்ணீர்ப்பாதை ஆகியவற்றுக்கான அறுவை சிகிச்சைதான் ஓக்குலோபிளாஸ்டி. பட்டமேற்படிப்புக்குப் பிறகு அதில் எடுக்கும் தனிப் பயிற்சி ஃபெலோஷிப், எடுப்பவர் ஃபெலோ. கண் மருத்துவப் பட்டமேற்படிப்பை முடிக்கும் இளம் டாக்டர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஓக்குலோபிளாஸ்டி ஃபெலோஷிப் சேரலாம்னு இருக்கேன். எங்கே போனா கேஸ் நிறையக் கிடைக்கும்?" கேட்பதில் தப்பே இல்லை. கைக்கு வேலை கிடைக்காமல் அறுவை சிகிச்சை வராது. ஆனால் கேஸ் எண்ணிக்கையை மட்டும் வைத்து இந்தத் துறையில் இடம் தேடக்கூடாது என்பது, பயிற்சி கொடுக்கும் இடத்தில் இருந்துகொண்டு நான் உறுதியாகச் சொல்லும் கருத்து. ஒரு பயிற்சி நல்லதா என்று தெரிய வேண்டுமானால் முதலில் ஒன்றை விசாரியுங்கள். நீங்கள் வெட்டித் தைத்த இமையை ஆறு மாதம் கழித்து நீங்களே பார்ப்பதற்கு அந்த மருத்துவமனை வழி செய்திருக்கிறதா?

கண்புரை அறுவை செய்தால், மறுநாள் காலை கட்டைப் பிரித்ததும் நோயாளி எழுத்துப் பலகையைப் படிப்பார். செய்த வேலை எப்படி என்று பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். இமை அப்படி இல்லை. மறுநாள் அது வீங்கிக் கன்றிப்போய்க் கிடக்கும். முதல் வாரம் பார்த்த உயரம் மூன்றாம் மாதத்தில் இருக்காது. வீக்கம் வடியும், தழும்பு இறுகும், நன்றாகப் பொருந்தியிருந்த கீழிமை மெல்ல வெளியே புரளத் தொடங்கும். கண்ணீர்ப்பைக்கும் மூக்குக்கும் நடுவே எலும்பைக் குடைந்து வழி உண்டாக்கும் டி.சி.ஆர். அறுவையில், முதல் மாதம் கண்ணில் நீர் வடிவது நின்றுவிடும். அந்த வழி சதை வளர்ந்து மூடிக்கொள்கிறதா என்பது பல மாதம் கழித்துத்தான் தெரியும். அதற்குள் அந்த ஃபெலோ வேறு யூனிட்டுக்கு மாறியிருந்தால், செய்த அறுவைகளைக் குறித்துவைக்கும் அவருடைய லாக்புக்கில் அது கடைசிவரை வெற்றியாகவே இருந்துவிடும். நூறு கேஸ் செய்தவர் ஒரே தவறை நூறு முறை செய்திருக்கவும் கூடும். அவருக்கு அதைச் சொல்ல யாருமே இருந்திருக்க மாட்டார்கள்.

கீழிமையின் பெரும்பகுதியைப் புற்றுக்காக வெட்டியெடுக்க நேர்ந்தால், 1937இல் வென்டெல் ஹியூஸ் வெளியிட்ட முறையை இன்றும் பயன்படுத்துகிறோம். மேலிமையின் உள்பக்கத்திலிருந்து இமைக்கு விறைப்பு தரும் டார்சஸ் தகட்டின் ஒரு பகுதியைப் படலத்தோடு கீழே இறக்கி, இல்லாத இமையின் இடத்தில் தைத்து, அதன்மேல் தோலை ஒட்டுவோம். சில வாரங்களுக்கு அந்தக் கண் மூடியே இருக்கும். புதிய இமைக்கு ரத்த ஓட்டம் பிடித்த பிறகு இரண்டாவது அறுவையில் பிரித்துவிடுவோம். முதல் அறுவையை ஒரு ஃபெலோவும் இரண்டாவதை இன்னொருவரும் செய்யும் இடங்கள் இருக்கின்றன. லாக்புக்கில் இருவருக்கும் ஒவ்வொன்று ஏறும். இரண்டையும் ஒருவரே செய்து, அந்த இமை கருவிழியை உரசாமல் மூடுகிறதா என்று ஒரு வருடம் பின்தொடர்ந்து பார்த்தால்தான் அந்த அறுவை அவருக்கு வந்தது என்று நான் ஒத்துக்கொள்வேன்.

சரி, அறுவை அரங்குக்குள்ளே என்ன நடக்க வேண்டும்? தொங்கும் இமையைத் தூக்கும் டோசிஸ் அறுவையை எடுத்துக்கொள்வோம். இமை மடிப்பில் வெட்டி, வட்டத் தசையைப் பிரித்தால் வெளிறிய படலம் ஒன்று வரும். அது கண்குழிக் கொழுப்பை மறைத்திருக்கும் செப்டமா, இமையைத் தூக்கும் லெவேட்டர் தசையின் நீட்சியா? புதிதாக வருகிறவர் தடுமாறும் இடம் இதுதான். நான் கத்தரியைக் கீழே வைக்கச் சொல்வேன். ஃபோர்செப்ஸால் அந்தப் படலத்தைப் பிடித்துக் கீழ்நோக்கி மெதுவாக இழுத்துப் பார்க்கச் சொல்வேன். செப்டமாக இருந்தால், மேலே ஆணியடித்து மாட்டிய துணியைப் போல எலும்பு விளிம்பில் அது பிடித்துக்கொண்டிருப்பது கைக்குத் தெரியும். லெவேட்டராக இருந்தால், நோயாளியை மேலே பார்க்கச் சொன்னதும் ஃபோர்செப்ஸையே உள்ளே இழுக்கும். செப்டத்தைத் திறந்தால் மஞ்சள் கொழுப்பு எட்டிப் பார்க்கும். அதற்கு நேர் பின்னால் லெவேட்டர். அந்தக் கொழுப்பைக் கண்ணால் பார்க்காமல் யாரையும் தையல் போட நான் விடுவதில்லை.

அப்புறம் உயரம் பார்க்கும் கட்டம். நோயாளியை எழுப்பி உட்காரவைத்து நேராகப் பார்க்கச் சொல்வோம். இரண்டு இமையும் சமமாக இருந்தால் ஃபெலோவுக்கு முகமெல்லாம் சந்தோஷம். ஆனால் மரப்பு ஊசியோடு கலந்த அட்ரினலின் முல்லர் தசையைத் தூண்டி இமையைக் கொஞ்சம் தூக்கியிருக்கும். மருந்து லெவேட்டருக்குள் கசிந்திருந்தால் இமை சற்று இறங்கியிருக்கும். கண்ணை மூடும் தசை மரத்துப்போயிருப்பதால் இமை இருக்கவேண்டியதைவிட மேலே நிற்கவும் செய்யும். இதையெல்லாம் மனதுக்குள் கூட்டிக் கழித்துத்தான் கடைசி முடிச்சைப் போட வேண்டும். போதாக்குறைக்கு, இரண்டு இமைக்கும் மூளை ஒரே அளவு கட்டளைதான் அனுப்புகிறது. தொங்கும் இமையைத் தூக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்த மூளை, அறுவைக்குப் பிறகு அந்த முயற்சியைத் தளர்த்தும்போது, அதுவரை நன்றாக இருந்த அடுத்த கண்ணின் இமை இறங்கலாம். ஹெரிங் விதி என்று பரீட்சைக்கு எல்லோரும் படித்ததுதான். அறுவைக்கு முன்பே, தொங்கும் இமையை விரலால் தூக்கிப் பிடித்து, மற்ற இமை இறங்குகிறதா என்று பார்க்கும் பழக்கம் எத்தனை பேருக்கு இருக்கிறது? இந்தப் பழக்கத்தை ஆசிரியர் பக்கத்தில் நின்று, வெளிநோயாளர் பிரிவில், திரும்பத் திரும்பச் செய்யவைத்துத்தான் கொடுக்க முடியும்.

வெட்டக்கூடாத இமையை அடையாளம் காண்பதும் பயிற்சியின் பாதி. காலையில் நன்றாக இருந்து மாலையில் தொங்கும் இமை, நரம்பின் கட்டளை தசைக்குச் சரியாகப் போய்ச்சேராத மயஸ்தீனியா நோயாக இருக்கலாம். இரண்டு நிமிடம் ஐஸ் வைத்து எடுத்ததும் இமை தெளிவாக மேலே ஏறினால், அந்த நோயாளி போக வேண்டிய இடம் நரம்பியல் மருத்துவரின் அறை. திடீரென்று இமை தொங்கி, அந்தக் கண்ணின் பாப்பாவும் (கண்ணின் நடுவே இருக்கும் கரிய துளை) விரிந்திருந்தால் மூளை ரத்தக்குழாயில் வீக்கம் இருக்கலாம். அன்றே ஸ்கேன் வேண்டும். அறுவைக்குத் தேதி கொடுத்து அனுப்புவது உயிருக்கே ஆபத்து. பிறவியிலேயே இமை தொங்கும் குழந்தையிடம் கணக்கு வேறு. இமை பாப்பாவை மறைத்தால் அந்தக் கண் பார்வை வளராத சோம்பேறிக் கண்ணாகிவிடும் என்பதால் காத்திருக்க முடியாது. மறைக்கவில்லை என்றால், பார்வையைக் கவனித்தபடி, அளவெடுக்க ஒத்துழைக்கும் வயதுவரை காத்திருப்பது நல்லது. இந்த முடிவுகளுக்கு லாக்புக்கில் கட்டம் கிடையாது. செய்யாமல் விட்ட அறுவையை யார் எண்ணுகிறார்கள்?

இமைக்கட்டி விஷயத்திலும் இதே நிலைமைதான். கீறிச் சுரண்டி எடுப்பதைப் பட்டமேற்படிப்பின் தொடக்கத்திலேயே கற்றுக்கொடுத்துவிடுகிறோம். அதே இடத்தில் மறுபடி மறுபடி வந்தால், அதிலும் வயதானவருக்கு வந்தால், இமை முடிகள் உதிர்ந்திருந்தால், அது எண்ணெய்ச் சுரப்பியில் வரும் செபேஷியஸ் கார்சினோமாவாக இருக்கலாம். ஒரு பக்கத்துக் கண் மட்டும் மாதக்கணக்கில் சிவந்திருப்பதாகவும் அது வேஷம் போடும். சுரண்டி எடுத்ததைக் குப்பையில் போடாமல் பயாப்ஸிக்கு அனுப்ப வேண்டும். அதோடு ஃபெலோ நோயியல் ஆய்வகத்துக்கு நேரில் போய், பேத்தாலஜிஸ்ட் பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஸ்லைடைப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வேன். பலர் இதை நேர விரயம் என்று நினைக்கிறார்கள். புற்று எந்த ஓரத்தில் மிச்சமிருக்கிறது என்ற அறிக்கையைப் புரிந்துகொள்ளாதவர், இமையை எவ்வளவு அழகாகத் திரும்பக் கட்டினாலும் என்ன பயன்?

அவசரச் சிகிச்சைகள் இரண்டைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒன்று, கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கட்டுவது. கண்குழி ஏறக்குறைய 30 மில்லி கொள்ளளவு கொண்ட எலும்புக் கூடு, விரிந்துகொடுக்காது. உள்ளே அழுத்தம் ஏறினால் பார்வை நரம்புக்கும் விழித்திரைக்கும் ரத்தம் போவது நின்றுவிடும். ஒன்றரை மணி நேரத்துக்குள் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும் என்பது நாங்கள் மனதில் வைத்திருக்கும் கணக்கு. இமையின் வெளி மூலையை வெட்டி, கீழிமையை எலும்போடு பிணைத்திருக்கும் தசைநாரைக் கத்தரி நுனியால் தடவிக் கண்டுபிடித்து அறுத்துவிட்டால், இமை கண்ணைவிட்டு விலகி வந்து அழுத்தம் குறையும். சி.டி. ஸ்கேனுக்குக் காத்திருக்கக் கூடாது. அரங்கமும் தேவையில்லை, அவசரப் பிரிவின் கட்டில் போதும். கண்ணுக்கு ஃபெலோஷிப் செய்யாதவருக்கும், இரவுப் பணியில் இருக்கும் அவசரப் பிரிவு மருத்துவருக்கும்கூட இது தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, குழந்தைகளுக்கு வரும் ஒருவகைக் கண்குழி எலும்பு முறிவு. கண் சிவக்காது, வெளியே கன்றிப்போகாது. குழந்தை மேலே பார்க்க மறுக்கும், வாந்தி எடுக்கும், நாடித்துடிப்பு குறையும். தலையில் அடி என்று நினைத்துப் படுக்கவைத்துக் கண்காணிப்பார்கள். முறிந்த எலும்பு கதவு மூடுவது மாதிரித் திரும்பப் பொருந்தி, கண் தசையைக் கவ்விப் பிடித்திருக்கும். ஓரிரு நாளுக்குள் விடுவிக்காவிட்டால் தசை செத்துப்போய், இரட்டைப் பார்வை நிரந்தரமாகிவிடும். இப்படி ஒரு குழந்தையை ஆசிரியரோடு சேர்ந்து பார்த்த ஃபெலோ அதை மறக்கமாட்டார்.

தைராய்டு கோளாறை ஒட்டிக் கண் வீங்கிப் பிதுங்கும் தைராய்டு கண் நோயைப் பற்றித் தனியாகவே எழுதலாம். இங்கே வரிசையை மட்டும் சொல்கிறேன். முதலில் கண்குழியை அகலப்படுத்தும் டிகம்ப்ரஷன், பிறகு மாறுகண் அறுவை, கடைசியில் இமை. முதல் அறுவை இரட்டைப் பார்வையைக் கூட்டலாம். இரண்டாவது இமையின் உயரத்தை மாற்றலாம். அதனால்தான் இந்த வரிசை. எல்லோருக்கும் மூன்றும் தேவைப்படாது. ஆனால் பார்வை நரம்பு நசுங்காத வரை, நோய் அடங்கி நிலைப்பட்ட பிறகே தொடங்க வேண்டும். 2020 ஜனவரியில் இந்த நோய்க்கான டெப்ரோடுமுமாப் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்த பிறகு, யாருக்கு மருந்து, யாருக்குக் கத்தி என்ற யோசனையும் சேர்ந்துகொண்டது. நாளமில்லாச் சுரப்பி மருத்துவர், காது மூக்கு தொண்டை மருத்துவர், ரேடியாலஜிஸ்ட் ஆகியோரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து பேசும் வழக்கம் இல்லாத மருத்துவமனையில் இதைக் கற்றுக்கொள்வது கடினம்.

கண்ணையே எடுக்க வேண்டி வரும் நாட்களும் உண்டு. குழந்தைக்கு ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் விழித்திரைப் புற்று என்றால் பார்வை நரம்பை முடிந்தவரை நீளமாகச் சேர்த்து வெட்ட வேண்டும் என்று எல்லாப் பாடமும் சொல்கிறது. அந்தத் தாயிடம் அதைச் சொல்லும் அறையில் ஃபெலோவும் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எதுவும் சொல்வதில்லை. நான் கூட உட்காரவைப்பேன். வெற்றிடமாக விட்டால் கண்குழி எலும்பு சரியாக வளராது, அதனால் உள்ளே இடத்தை நிரப்பும் இம்பிளான்ட் வைக்கிறோம், சில வாரம் கழித்து செயற்கைக் கண் பொருத்துவோம், குழந்தை வளர வளர அதை மாற்ற வேண்டியிருக்கும் என்பதையெல்லாம் அவசரமில்லாமல், அழுகைக்கு இடம் கொடுத்துச் சொல்லப் பழக வேண்டும். அறுவைக்கு முன் எந்தக் கண் என்று மூன்று பேர் தனித்தனியாகச் சரிபார்ப்பதையும் அந்த ஃபெலோ தன் கடமையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது பலரை இந்தத் துறைக்கு இழுப்பது அழகியல் பக்கம். அதை நான் கேவலமாக நினைக்கவில்லை. போடுலினம் (போடாக்ஸ்) ஊசியே கண் மருத்துவத்திலிருந்து வந்ததுதான். 1989இல் அமெரிக்காவில் அதற்கு முதல் அனுமதி கிடைத்தது இமைத் துடிப்புக்கும் மாறுகண்ணுக்கும். சுருக்கத்துக்குப் போடுவது பிறகு வந்தது. ஆனால் முகத்தின் பள்ளங்களை நிரப்பும் ஃபில்லர் ஊசி தவறிப்போய் ரத்தக்குழாய்க்குள் ஏறினால் பார்வை ஒரே நொடியில் போய்விடலாம். புருவங்களுக்கு நடுவிலும் மூக்கின் மேலும் ஓடும் குழாய்கள் கண்ணின் ரத்தக்குழாய்களோடு இணைந்திருக்கின்றன. முகத்தின் உடற்கூறைச் சடலத்தில் தோல் தோலாகப் பிரித்துப் பார்க்காதவர் கையில் அந்த ஊசியைக் கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை. முதல் ஆண்டிலேயே ஃபில்லர் பயிற்சி என்று விளம்பரம் செய்யும் ஃபெலோஷிப்பை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

எவ்வளவு காலம் வேண்டும் என்றும் கேட்கிறார்கள். 1969இல் தொடங்கிய அமெரிக்க ஓக்குலோபிளாஸ்டிக் மருத்துவர் சங்கம் அங்கீகரிக்கும் ஃபெலோஷிப்புகள் பொதுவாக இரண்டு ஆண்டு. அந்த அளவு எனக்கு நியாயமாகப் படுகிறது. முதல் ஆண்டில் செய்தது எப்படி ஆயிற்று என்பதை இரண்டாம் ஆண்டில் பார்க்க முடியும். மூன்று மாதக் குறுகிய பயிற்சிகள் வீண் என்று சொல்லமாட்டேன். கிழிந்த இமை ஓரத்தை வடு பள்ளம் விழாமல் தைக்க, உள்ளே புரளும் இமையைச் சரிசெய்ய, முகவாதத்தில் மூடாத கண்ணைக் காப்பாற்ற ஒரு பொதுக் கண் மருத்துவருக்கு அது போதும். அதை வைத்துக்கொண்டு கண்குழிக்குள் இறங்க வேண்டாம்.

இடம் பார்க்கப் போகும்போது துறைத் தலைவரோடு பேசுங்கள், மரியாதைக்காக. அதன்பிறகு இப்போது அங்கே இருக்கும் ஃபெலோவைத் தனியாகப் பார்த்துத் தேநீர் வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள். நோயாளிகளின் முன்-பின் படங்களை யார் எடுக்கிறார்கள், எங்கே வைக்கிறார்கள்? சரியாக வராத படங்களை வைத்து மாதம் ஒருமுறையாவது உட்கார்ந்து பேசுகிறார்களா? நீங்கள் செய்த அறுவையைத் திரும்பச் செய்ய வேண்டி வந்தால் உங்களைக் கூப்பிடுகிறார்களா, சீனியரே முடித்துவிடுகிறாரா? கடைசிக் கேள்விக்கு அவர், எந்த நோயாளி, எந்த இமை, முதல் தடவை என்ன தப்பாகப் போயிற்று என்று தயங்காமல் சொல்லத் தொடங்கினால், அங்கே விண்ணப்பம் போடுங்கள்.