ரெண்டு வருஷம் ராணுவத்துல போட்டா பையன் திருந்திடுவானா?

யாரோ ஒரு பையன் பைக்கில் வீலிங் அடித்து மாட்டிக்கொண்ட வீடியோ வந்தால் போதும், கீழே அதே வரி வந்துவிடும். "சிங்கப்பூர் மாதிரி ரெண்டு வருஷம் பட்டாளத்துல தூக்கிப் போடணும், அப்பதான் திருந்துவானுங்க." சிங்கப்பூரை இழுக்கிறவர்களில் பலருக்கு அங்கே ஆண்களுக்குக் கட்டாயமான அந்தத் 'தேசிய சேவை' எதற்காக வந்தது, எப்படி நடக்கிறது என்பது தெரிவதில்லை.

யாரையும் திருத்துவதற்காக அது வரவில்லை. 1965-இல் தனி நாடானபோது சிங்கப்பூரிடம் இருந்தவை இரண்டே காலாட்படைப் பட்டாளங்கள். பிரிட்டிஷ் படை கிளம்பிவிடும் என்பது தெளிவாகிக்கொண்டிருந்தது. முழுக்கச் சம்பளப் படை வைத்துக்கொள்ள அவ்வளவு சின்ன நாட்டில் ஆளும் கிடையாது, காசும் கிடையாது. பாதுகாப்பு அமைச்சராக இருந்த கோ கெங் சுவீ 1967 மார்ச்சில் கட்டாயச் சேவைக்கான சட்டத் திருத்தத்தைக் கொண்டுவந்தார். அந்த ஆகஸ்ட் 17-ஆம் தேதி முதல் தொகுதியாகச் சுமார் 900 பேர் முகாமுக்குள் போனார்கள். மலாய் இளைஞர்களைத் தொடக்க ஆண்டுகளில் பெரும்பாலும் கூப்பிடவே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்லா இனத்தையும் ஒன்றாகப் பிசைந்த இயந்திரம் என்று இன்றைக்குப் பெருமை பேசுகிறோம், முதல் நாளிலிருந்தே அப்படி ஓடவில்லை.

ஆக, தேசிய சேவை என்பது ஒரு வரி. காசுக்குப் பதில் வயதைக் கட்டுகிறான் பையன். வரி தேவையா இல்லையா என்று நாட்டின் நிலையைப் பார்த்துத்தான் பேச முடியும். வரி கட்டினால் குணம் நல்லதாகும் என்று யாரும் சொல்வதில்லை, இதற்கு மட்டும் ஏன் சொல்கிறோம்?

நடைமுறைக்கு வருவோம். பதினாறரை வயதில் பதிவுக் கடிதம் வரும். அடுத்து மருத்துவச் சோதனை. ரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே, ஈசிஜி, கண், காது, பல் என்று அரை நாள் போய்விடும். முடிவில் 'பெஸ்' எனப்படும் தகுதிநிலை கிடைக்கும். ஏ, பி1 என்றால் போர்ப் பிரிவுகளுக்குப் போகலாம், சி, ஈ என்றால் அலுவலகம், கிடங்கு மாதிரியான வேலை, எஃப் என்றால் விலக்கு. இங்கேதான் முதல் தப்பு நடக்கிறது. சின்ன வயதில் வந்த ஆஸ்துமாவையோ வலிப்பையோ "சொன்னா பையனை மட்டமான வேலைக்குத் தள்ளிடுவாங்க" என்று வீட்டிலேயே மறைத்துவிடுகிறார்கள். பழைய மருத்துவச் சீட்டு, பரிசோதனை முடிவு எல்லாவற்றையும் எடுத்துப்போய்க் காட்டுங்கள். புகைக்குண்டு பயிற்சியின் நடுவில் சொல்வதற்கு அது விஷயமல்ல.

அடுத்தது ஐபிபிடி என்கிற உடல்தகுதித் தேர்வு. ஒரு நிமிடத்தில் எத்தனை தண்டால், ஒரு நிமிடத்தில் எத்தனை சிட்-அப், பிறகு 2.4 கிலோமீட்டர் ஓட்டம். மொத்தம் 100 புள்ளி, அதில் 50 ஓட்டத்துக்கே. முகாமுக்குப் போகும் முன்பே 61 புள்ளி எடுத்துவிட்டால் 24 மாதச் சேவையில் 2 மாதம் குறையும். இதைவிட லாபமான பரீட்சை அந்த வயதில் வேறெதுவும் இல்லை. ஆனால் பையன்கள் தண்டால் மட்டும் எடுத்துக் கை வளர்க்கிறார்கள். பாதிப் புள்ளி காலில் இருக்கிறது. 2.4 கிலோமீட்டர் என்பது 400 மீட்டர் தடத்தில் 6 சுற்று. மூன்று மாதம் முன்னாலேயே தொடங்கி, வாரத்துக்கு மூன்று நாள் ஓடலாம். ஒரு நாள் நிதானமாக 4, 5 கிலோமீட்டர், ஒரு நாள் 400 மீட்டர் வேக ஓட்டம் ஆறு தடவை, நடுநடுவே ஒன்றரை நிமிடம் ஓய்வு, ஒரு நாள் 2.4-ஐ நேரம் பார்த்து. கடைசி வாரத்தில் மட்டும் விழுந்து விழுந்து ஓடினால் முழங்காலுக்குக் கீழே எலும்பு வலி கண்டு தேர்வன்று நொண்டுவதுதான் நடக்கும்.

அடிப்படைப் பயிற்சி புலாவ் தேக்கோங் தீவில். தேறியவர்களுக்கு வழக்கமாக 9 வாரம், உடல் எடை மிக அதிகமானவர்களுக்கு 19 வாரம். நீண்ட பயிற்சி தண்டனை என்று நினைக்கிறார்கள், உண்மையில் அதுதான் அந்த அமைப்பிலேயே புத்திசாலித்தனமான பகுதி. ஓடிப் பழகாத உடம்பைத் தேறியவர்களோடு ஓடவிட்டால் மூட்டும் போகும், மனசும் போகும். அணிவகுப்புக் கட்டளைகள் எல்லாம் மலாயில்: 'செடியா' என்றால் நிமிர்ந்து நிற்க வேண்டும், 'செனாங் டிரி' என்றால் தளர்ந்து நிற்கலாம். தமிழ்ப் பையன், சீனப் பையன் எல்லோரும் அதைத்தான் கற்கிறார்கள். எஸ்ஏஆர் 21 துப்பாக்கி, கையெறி குண்டு, காட்டு முகாம், கடைசியில் முழு மூட்டையோடு 24 கிலோமீட்டர் நடை. அந்த நடையில் பெரும்பாலானவர்களைக் கவிழ்ப்பது தசை இல்லை, பாதக் கொப்புளம். ஈரக் காலுறை, தளராத பூட்ஸ், இரண்டும் சேர்ந்தால் முடிந்தது கதை. பவுடர், மாற்றுக் காலுறை, ஓய்வு கிடைத்த இடத்தில் காலைக் காயவைப்பது. பாட்டி வைத்தியம் மாதிரி இருக்கும், ஆனால் வேலை செய்யும்.

பெரிய ஆபத்து வெயில். வெப்பம், ஈரப்பதம், வெயிலின் கதிர், காற்று நான்கையும் சேர்த்து ஒரே எண்ணாக அளக்கிறார்கள். எண் ஏற ஏறப் பயிற்சி நேரம் குறைந்து ஓய்வு கூடும். 33-ஐத் தாண்டினால் 15 நிமிடம் வேலை, 30 நிமிடம் ஓய்வு. தினமும் உடல்சூடு பார்க்க வேண்டும், நேரத்துக்கு நேரம் எல்லோரும் வரிசையில் நின்று தண்ணீர் குடிக்க வேண்டும், இரவு 7 மணி நேரத் தூக்கம் வேண்டும். இவ்வளவு விதி இருந்தும் 2018 ஏப்ரலில் 8 கிலோமீட்டர் வேக நடைக்குப் பிறகு வெப்பத் தாக்கத்தில் ஒரு தேசிய சேவையாளர் இறந்தார். வெப்பத் தாக்கத்தில் விழுகிறவன் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். 'சாவ் கெங்' அடிக்கிறவன், அதாவது நோய் நாடகம் போடுகிறவன், முதல் கிலோமீட்டரிலேயே உட்கார்ந்துவிடுவான், அவனுக்கு ஒன்றும் ஆகாது. காய்ச்சலை மறைத்துக்கொண்டு, தோழர்கள் கேலி செய்வார்களே என்று கடைசிவரை ஓடுகிறானே, அவன்தான் விழுகிறான். "பல்லைக் கடிச்சுக்கிட்டு முடிச்சிடு" என்று வீட்டிலிருந்து சொல்லி அனுப்புகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

அதே 2018 மே மாதம், தேசிய சேவையைத் தீயணைப்புப் படையில் செய்துகொண்டிருந்த, முடியச் சில நாளே இருந்த ஒருவரைத் துவாஸ் பகுதி தீயணைப்பு நிலையத்தில் சக வீரர்கள் 'கொலோக்' என்ற பெயரில் நீர்க்கிணற்றில் தள்ளினார்கள். பிரியாவிடை வேடிக்கையாம். அவர் மூழ்கி இறந்தார். சம்பந்தப்பட்டவர்கள் நீதிமன்றம் போனார்கள். ஒழுக்கம் கற்பிக்கும் என்று நாம் நம்பி அனுப்பும் இடத்திலேயே, மேலே கண் இல்லாத நேரத்தில், இளைஞர்கள் கூட்டமாக என்ன செய்வார்களோ அதைத்தான் செய்தார்கள்.

திருத்துமா என்ற கேள்வியைச் சோதித்துப் பார்த்த நாடும் உண்டு. அர்ஜென்டினாவில் அடையாள எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தை வைத்துக் குலுக்கல் போட்டுத்தான் ஆள் எடுத்தார்கள். குலுக்கல் என்பதால், போனவர்களையும் போகாதவர்களையும் நியாயமாக ஒப்பிடலாம். 2011-இல் வெளியான ஆய்வு, சேவைக்குப் போனவர்களிடம் பிற்காலத்தில் குற்றப்பதிவு கூடுதலாக இருந்ததைக் காட்டியது. வேலைக்குள் நுழைவது தள்ளிப்போனது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. அங்கே கட்டாயச் சேவையே 1994-இல் ஒழிந்தது, ஒரு கட்டாய வீரர் முகாமுக்குள் அடித்துக் கொல்லப்பட்ட பிறகு.

சிங்கப்பூரில் அப்படி நடக்கும் என்று சொல்லவில்லை. அங்கே திரும்பி வருகிறவனுக்குப் பல்கலைக்கழக இடம் காத்திருக்கிறது, வேலைச் சந்தை காத்திருக்கிறது. பயிற்சிக் காலத்தைவிட நான் கவலைப்படுவது அதற்குப் பிந்தைய சுமார் 20 மாதத்தைப் பற்றி. அதிகாரிப் பயிற்சிக்கோ சார்ஜண்ட் பயிற்சிக்கோ போகிறவன் உண்மையிலேயே எதையாவது கற்றுக்கொள்கிறான். கிடங்கில் சாமான் எண்ணுகிறவன், அலுவலகத்தில் படிவம் அடுக்குகிறவன்? கூடப் படித்த பெண்கள் இரண்டாம் ஆண்டு கல்லூரியை முடிக்கும்போது அவன் ஓஆர்டி, அதாவது சேவை முடியும் தேதிக்கு எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டிருக்கிறான். 2023 ஜூலையில் புதியவர்களின் மாதப்படி 630 வெள்ளியிலிருந்து (சிங்கப்பூர் டாலர்) 755 ஆனது. அதைச் சம்பளம் என்று யாரும் சொல்வதில்லை, படி என்றுதான் பெயர். முடிந்த பிறகும் விடாது. பத்துச் சுற்று முகாம் பயிற்சி, ஆண்டுக்கு அதிகபட்சம் 40 நாள், சாதாரண வீரருக்கு 40 வயது வரை, அதிகாரிக்கு 50 வரை.

இந்தியாவுக்கும் வேண்டும் என்கிறவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆண்டுக்கு 18 வயதைத் தொடும் ஆண்கள் மட்டும் ஒரு கோடிக்கு மேல். 2022-இல் ராணுவ ஆள்சேர்ப்புத் திட்டமான அக்னிபாத் தொடங்கியபோது முதல் ஆண்டுக்கு அறிவித்த இடங்கள் 46,000. மீதிப் பேருக்குக் கட்டில், பூட்ஸ், மருத்துவர், வெயில் அளக்கும் கருவி, பொறுப்பான சார்ஜண்ட் எல்லாம் எங்கிருந்து வரும்? அதில்லாமல் கொட்டகைக்குள் அடைத்தால் மிஞ்சுவது தடியும் கொலோக்கும்தான்.

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்குப் போய் நிரந்தரவாசம் வாங்கும் குடும்பங்களுக்கு இது வெறும் வாதம் இல்லை. பெற்றோர் வழியாக நிரந்தரவாசம் பெற்ற மகனுக்கும் சேவை கட்டாயம், கையில் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தாலும். 13 வயதுக்குப் பிறகு மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருக்க அனுமதி வாங்க வேண்டும். பதினாறரைக்குள் இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ அனுப்புவதென்றால் குறைந்தது 75,000 வெள்ளிக்குப் பிணை. கடிதத்தைக் கண்டுகொள்ளாமல் ஊரில் உட்கார்ந்துவிட்டால் 10,000 வெள்ளி வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். சேவை செய்யாமல் நிரந்தரவாசத்தைத் திருப்பிக் கொடுத்தால், பின்னாளில் அவன் அங்கே படிக்கவோ வேலைக்கோ போடும் விண்ணப்பத்தை அது மோசமாகப் பாதிக்கும். பையனுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது அப்பாவும் அம்மாவும் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். பதினெட்டில் படகேறப் போவது அவன். போடும் முன் இதையெல்லாம் ஒரு தடவை உட்கார்ந்து படித்துவிடுங்கள்.